பேஸுக்கு ஒரு கோரஸ் பெடல்

எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் நான் கோரஸ் பெடல் தேட ஆரம்பித்தேன். அதுவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

நான் மன்னார்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடுமுறை நாட்களிலும் முகூர்த்த நாட்களின் மாலைகளிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கல்லூரியில் படித்தபோது எல்லோரும் ஆறு கம்பி கிட்டாரைத்தான் கேட்டார்கள். தாழ்ந்த ஸ்வரங்கள் மட்டும் தரும் நான்கு கம்பி பேஸ் கல்லூரியின் அலமாரியில் சும்மா கிடந்தது, நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, மேடையிலும் ஏறியதில்லை. அப்பா பிறர் வயலில் நாற்றுப் பறித்து வளர்ந்தவர். பின்னாளில் கொஞ்சம் நிலம் வாங்கினார். இந்தக் கருவியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "இதுல பாட்டு வராதா?" என்று கேட்டார். பாட்டு வராது, பாட்டுக்குக் கீழே இருக்கும் என்றேன்.

குழுவில் எங்களுக்கு மாஸ்டர்தான் எல்லாம். மின்னணுத் தாளக்கருவியான ரிதம் பேட் வாசிப்பார். ஒலிபெருக்கிகள், மைக்குகள், வேன் எல்லாமே அவருடையவை. ஆண் குரலுக்கு ஒருவர் உண்டு. அவரே கிட்டாரும் வாசிப்பார். பெண் குரல் அக்கா. அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பத்தில் வீடு. கணவர் ஃபைபர் படகில் நண்டுக்கும் மீனுக்கும் போகிறவர். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேனில் நாங்கள் இருவரும் எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில்தான் உட்காருவோம். அவர் என்னை டீச்சர் என்பார். நான் அக்கா என்பேன். பல வருடப் பழக்கம் என்றாலும் இருவரும் வாங்க போங்க என்றே பேசிக்கொள்வோம்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அக்காவுக்குத் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, நிகழ்ச்சிகளும் குறைவு என்பதால் அவரே அந்த மாதத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை. நான் பார்க்கப் போனபோது கழுத்தில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார். பேசினால் காற்றுதான் வந்தது. குரல் நரம்பு ஒன்று சற்று மந்தமாகியிருக்கிறது, நாளாக ஆகச் சரியாகலாம் என்று மருத்துவர் சொன்னதாக அவர் கணவர் சொன்னார். 'சரியாகலாம்' என்ற சொல்லை அவர் சொல்லும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு மாஸ்டர் திருச்சியிலிருந்து வேறு பாடகியை அழைத்துச் சமாளித்தார். புரட்டாசியில் அக்காவுக்குப் பேச்சு தெளிந்தது. பாடும்போது மட்டும் மேல்ஸ்தாயியில் குரலின் ஓரம் பிசிறியது. எல்லாப் பாட்டையும் ஸ்கேல் இறக்கி, தாழ்ந்த சுருதியில்தான் பாட முடிந்தது. கீபோர்டுக்காரர் கிளம்பியதும் அந்தச் சமயத்தில்தான். மாஸ்டரின் கிடங்கில், அடுக்கி வைத்த ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவில்தான் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். அங்கே ஒரு நாள் அக்கா வருவதற்கு முன்பு மாஸ்டர் பேச்சை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இப்ப எல்லாரும் ரெக்கார்ட் பண்ணின மியூசிக் ட்ராக் போட்டுத்தான் பாடுறாங்க. ஒரு லேப்டாப், ரெண்டு மைக். வேலை முடிஞ்சுது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"நீங்க கிட்டாரோட நில்லுங்க. மேடைக்கு ஒரு அழகா இருக்கும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பல மேடைகளில் அப்படித்தான் நடக்கிறது. கம்பியில் கைவைத்தபடி சும்மா நிற்கும் கிட்டார்காரர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"அக்கா?"

"ட்ராக் எல்லாம் ஒரிஜினல் ஸ்கேல்ல இருக்கும். அவங்களால முடியணும்ல? குரல் திரும்பட்டும், பாப்போம்."

அவர் சொன்னதில் தவறு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கீபோர்டு இல்லாத எங்கள் சத்தம் உண்மையிலேயே காலியாக இருந்தது. பேடும் பேஸும் ஒரு கிட்டாரும் மட்டும் இருந்தால், குரல் நிற்கும் இடங்களில் எல்லாம் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை என்னால் நிரப்ப முடிந்தால், குறைந்தது கொஞ்ச காலத்துக்காவது ட்ராக்கைத் தள்ளிப்போடலாம் என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்காகத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

கோரஸ் பெடல் என்பது கிட்டாரில் மாட்டிக் காலால் மிதிக்கும் சிறு பெட்டி, அது செய்கிற வேலை எளிமையானது. நாம் வாசிக்கும் சத்தத்தை இரண்டாக்கி, ஒன்றை ஒரு நொடியின் சிறு பின்னம் தாமதித்து, லேசாக அசைத்து, மறுபடி சேர்த்துவிடும். ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போலக் கேட்கும். சாதாரணக் கிட்டாருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பேஸுக்கு உண்டு. இரண்டு சத்தங்கள் ஒன்றோடொன்று உரசும்போது அடிப்பகுதி கரைந்துவிடும். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது.

மூன்று பெடல்களைச் சேகரித்தேன். பச்சை நிறத்தில் ஒன்று, தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்தில் பேஸ் வாசிக்கும் நண்பரிடம் இரவல் வாங்கியது. நீலம், இசைக்கருவிக் கடையில் பேசி, பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்து வந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். அது பேஸுக்கென்றே செய்தது என்று போட்டிருந்தது. மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு சனிக்கிழமை முழுவதும் வாசித்துப் பார்த்தேன். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். சங்கீதம் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர் அல்ல. பச்சையை மிதித்தபோது மட்டும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பக்கத்துப் பக்கத்து வயல்ல ரெண்டு மோட்டார் ஓடுமே, அது மாதிரி இருக்கு."

சரியான வர்ணனைதான். இரண்டு பம்புசெட்டுகள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும்போது சத்தம் ஏறி ஏறி இறங்கும். பச்சை அதைத்தான் செய்தது, அடிப்பகுதியையும் தின்றது. நீலத்தில் இனிமை அதிகம். மெதுவாக வைத்தால் குளத்துத் தண்ணீர் போல அசைந்தது. சாம்பலில் இனிமை சற்றுக் குறைவு, ஆனால் அடிப்பகுதி கெட்டியாக நின்றது. குமிழ்களும் அதில்தான் அதிகம். நான் வேகத்தையும் ஆழத்தையும் என் காதுக்குப் பிடித்தபடி வைத்தேன், மற்றக் குமிழ்களை அப்படியே விட்டுவிட்டேன். சாம்பல்தான் என்று முடிவு செய்து ஒத்திகைக்குக் கொண்டுபோனேன்.

அன்று முதல் பாட்டின் முன்னிசையில் பெடலை மிதித்ததும் மாஸ்டர் பேடிலிருந்து தலை தூக்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கிட்டார்காரர் சிரித்தார். பள்ளம் நிரம்பியிருந்தது. பிறகு அக்கா பல்லவியை எடுத்தார். இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"டீச்சர், அத கொஞ்சம் அமத்துங்களேன்."

அணைத்தேன். பாடினார். சரியாக இருந்தது. இடையிசையில் மறுபடி மிதித்தேன். சரணத்துக்கு அணைக்காமல் விட்டேன். அவர் சரணத்தை எடுத்த இடம் சுருதிக்குக் கீழே இருந்தது. எனக்கே கேட்டது, மாஸ்டருக்கும் கேட்டிருக்கும். அக்கா மைக்கை ஸ்டாண்டில் வைத்தார்.

"இன்னிக்கு எனக்கு முடியல. நான் கெளம்புறேன்."

துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வயர்களைச் சுருட்டினார். அடுத்து ட்ராக்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் நான் அழைத்தபோது அக்கா போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டைக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து அதிராம்பட்டினத்துக்கு இன்னொன்று மாறிப் போனேன். முதுகில் கிட்டார், பையில் மூன்று பெடல்களும் பேட்டரியில் ஓடும் சிறிய ஸ்பீக்கரும். நடத்துநர் கிட்டாருக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போடாமல் விட்டார். வழியெல்லாம் சம்பா நட்ட வயல்களில் மழைத்தண்ணீர் நின்றது. உப்பளங்கள் தொடங்கியதும் நிலத்தின் நிறம் மாறியது.

அக்காவின் கணவர் வீட்டு வாசலில், தார்பாய்க்குக் கீழே உட்கார்ந்து நண்டு வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டீச்சர். உள்ளதான் இருக்காங்க. போங்க."

அக்கா என்னையும் என் முதுகுச் சுமையையும் பார்த்தார்.

"இதையெல்லாமா தூக்கிட்டு வந்தீங்க, இந்த மழையில?"

"நீங்க போன் எடுக்கல. கோவமாக்கும்னு நெனச்சேன்."

"கோவமெல்லாம் இல்ல." சமையல் மேடையைத் துடைத்தார். பிறகு சொன்னார். "ஆபரேஷனுக்கு முந்தி நான் எதையும் கேட்டுப் பாடினதில்ல டீச்சர். சுருதி உள்ளயே இருக்கும். இப்ப வாயைத் தொறந்தா அது எங்க போய் விழும்னு எனக்கே தெரியல. கீபோர்டும் இல்ல. உங்க கம்பியத்தான் புடிச்சுக்கிட்டுப் போயிட்டிருக்கேன். அத நீங்க ரெண்டாக்கிட்டா நான் எத புடிக்கிறது?"

இத்தனை வாரங்களாக அவர் என் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. பேஸ் வாசிப்பவர்களிடம் யாரும் அப்படி எதுவும் சொல்வதில்லை. எங்கள் சத்தம் நின்றுபோனால்தான் இருந்தது தெரியும். கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன்.

"மூணையும் கேளுங்க. எது ஆகாதுன்னு சொல்லுங்க. மூணும் ஆகாதுன்னா திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். வீட்டில் இதுவரை பாடவே இல்லை என்றார். சுற்றி எல்லாம் உறவுக்காரர்கள், குரல் எப்படி இருக்கிறதென்று விசாரிப்பார்கள்.

பச்சையை நான் இரண்டு முறை மீட்டியதுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நீலத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. சும்மா கேக்கறதுக்கு நல்லா இருக்கு. பாட முடியாது. மொத்தமும் அசையுது." சாம்பலை எடுத்தேன். அதில் நான் தொடாமல் விட்டிருந்த ஒரு குமிழ், எந்த இடத்துக்கு மேலே உள்ள சத்தம் மட்டும் அசைய வேண்டும் என்று பிரிக்கக்கூடியது. அதற்குக் கீழே உள்ளது அப்படியே நிற்கும். என் காதுக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் குமிழை அவரே திருப்பினார். நான் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"இன்னும் வாசிங்க... இன்னும்... ம், இப்ப." கையை எடுத்தார். "கீழ நிக்குது. மேல மட்டும்தான் ஆடுது. இந்த ஆட்டத்தையும் கொஞ்சம் கொறைங்க."

ஆழத்தைக் குறைத்தேன். நான் ஒத்திகையில் வைத்திருந்ததில் கால் பங்குகூட இல்லை. கோரஸ் இருக்கிறது என்றே சொல்ல முடியாது. அணைத்தால் மட்டும் ஏதோ மெலிந்துவிட்டது போலத் தெரிந்தது. அக்கா முதலில் முணுமுணுத்தார். பிறகு ஒரு சரணத்தை மெல்லிய குரலில் பாடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுக் குரலில் பாடினார். மேலே ஓர் இடத்தில் பிசிறியது, ஆனால் சுருதி விலகவில்லை.

முடித்ததும் வெளியிலிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது.

"பக்கத்து வீட்ல கேக்குறாங்க, டிவியான்னு."

"என்ன சொன்னீங்க?" என்று அக்கா கதவைத் திறந்தார்.

"ஆமான்னு சொல்லிட்டேன்."

அக்கா சிரித்தார். அவர் கணவர் வலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், வேலை செய்யவில்லை. நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு நான் மாலைப் பேருந்தில் திரும்பினேன். மறுநாள் நீலத்தையும் பச்சையையும் உரியவர்களிடம் சேர்ப்பித்தேன். சாம்பலின் குமிழ்கள் நின்ற இடங்களில் எல்லாம் வெள்ளை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன்.

கார்த்திகையில் மன்னார்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. இந்த ஒன்றை மட்டும் ட்ராக் இல்லாமல் செய்து பார்ப்போம் என்று கேட்டேன், மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அக்கா தழும்பு தெரியாமல் அகலமான கழுத்தணி போட்டு வந்திருந்தார். ஆரம்பிக்கும் முன்னரே மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பெடலை அடாப்டரில் மாட்டியிருந்தேன். ஜெனரேட்டரின் இரைச்சல் அதன் வழியாக ஏறி ஒலிபெருக்கியெங்கும் வண்டு போல ரீங்கரித்தது. மாஸ்டர் என்னை முறைத்தார். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் புது பேட்டரி போட்டேன். இந்தப் பெடல் பேட்டரியை வேகமாகக் குடிக்கும் என்று படித்திருந்தேன். அன்றைக்குத் தாங்கினால் போதும். இரைச்சல் நின்றது.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பாட்டின் சரணத்தில், மேலே ஏறும் இடத்தில், அக்காவின் குரல் அறுந்தது. பிசிறு இல்லை, கரகரப்பு இல்லை, வெறும் காற்று. அவர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். குனிந்து பெடலின் ஆழத்தை முழுவதும் திருகிவிட்டு, அந்த இடத்தின் இசையையே திரும்பத் திரும்பச் சுற்றி வாசிக்க ஆரம்பித்தேன். நகப்பூச்சுக் கோடுகளை எல்லாம் தாண்டி, சாப்பாட்டு மேசையில் நான் ரசித்த அந்தப் பெரிய சத்தம். பாட இடமில்லாத சத்தம். ஆனால் அந்த நிமிடத்தில் யாரும் பாடவில்லை. கிட்டார்காரர் என் கையைப் பார்த்து உடன் வந்தார். மாஸ்டர் தாளத்தை விடவில்லை. இடையிசை போலவே இருந்தது. மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஆடிக்கொண்டேயிருந்தார்கள். பரிசுப்பொட்டலங்களோடு வரிசையில் நின்றவர்கள் மணமக்களைத்தான் பார்த்தார்கள்.

அக்கா தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். நான் ஆழத்தைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கையைக் கம்பியில் இரண்டு கட்டம் இறக்கி, ஸ்கேலைத் தாழ்த்தி அடித்தேன். கிட்டார்காரர் ஒரு சுற்றுத் தடுமாறிப் பிடித்துக்கொண்டார். அக்கா இரண்டு சுற்றுக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சரணத்தை முதலிலிருந்து எடுத்தார், புது இடத்தில். முழுப் பாட்டையும் பாடி முடித்தார்.

வேனில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, என் கையைப் பிடித்திருந்தார். முன்னிருக்கையிலிருந்து மாஸ்டர் திரும்பினார்.

"லேப்டாப்லயும் ஸ்கேல் எறக்கலாம் டீச்சர். ஆனா பாட்ட நிறுத்திட்டுத்தான் எறக்கணும்."

"ஆமா மாஸ்டர்."

"ம்," என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அவர் ட்ராக்கைக் கைவிடவில்லை. சின்ன விசேஷங்களுக்கு லேப்டாப்பும் திருச்சிப் பாடகியும் போகிறார்கள். பெரிய மண்டபங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் நாங்கள் போகிறோம். முன்பைவிட நிகழ்ச்சிகள் குறைவுதான். அக்காவின் குரலில் கீழ்ப்பகுதி நன்றாகவே திரும்பியது. மேல்பகுதி திரும்பவில்லை, இனி திரும்பாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளில் அவர் அழுததாக அவர் கணவர் என்னிடம் சொன்னார். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. சில பாட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். முன்பு ஆண் குரலுக்கு விட்டுக்கொடுத்த தாழ்ந்த பாட்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டார்.

போன மாதம் அவர் தனக்கென்று சொந்தமாக ஒரு மைக் வாங்க வேண்டும் என்றார். இருவரும் தஞ்சாவூர் போனோம். கடைக்காரர் சிலவற்றை எடுத்துவைத்தார். அக்கா ஒவ்வொன்றிலும் அதே ஒரு வரியைப் பாடினார். ஒன்றில் குரல் வழவழப்பாக, தழும்பே இல்லாதது போலக் கேட்டது. நான் தேர்ந்தெடுத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை மறுபடி கையிலெடுத்துப் பாடினார். அதில் வரிக்கு வரி அவர் மூச்சு வாங்குவதும், சில சொற்களின் முடிவில் காற்று கசிவதும் துல்லியமாகக் கேட்டன.

"இதுல மூச்சு ரொம்ப விழுதும்மா," என்றார் கடைக்காரர். "பாடுறவங்க பொதுவா இத கேக்க மாட்டாங்க."

"விழட்டும்," என்றார் அக்கா. "எங்க நிறுத்துறேன், எங்க எடுக்குறேன்னு வாசிக்கிறவங்களுக்குக் கேக்கணும்ல. இதையே கட்டிக் குடுங்க."

பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வெயிலுக்கு ஏதாவது குடிக்கக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் விசாரித்தார்.